சிலம்பில் மீண்டு வரும் சொல்

ஒருவன் பிறர்மேல் ஏவிய தீச்சொல் அவனையே வந்து சாரும் என்பது தமிழ் அறநூல்கள் பலவும் வற்புறுத்தும் கருத்தாகும். அறநூல் இதனை விதியாகக் கூறும். காப்பியமோ நிகழ்ச்சியாகக் காட்டும். அங்ஙனம் காட்டும் காப்பியங்களுள் தலைசிறந்தது சிலப்பதிகாரம். அதன் 30 காதைகளுள் தீச்சொல்லொன்று பிறந்து, பாய்ந்து, மீளும் நிகழ்ச்சி மும்முறை அமைந்துள்ளது. அம்மூன்றையும் ஒப்புநோக்கின் இளங்கோவடிகளின் கருத்து தெளிவாகும்.

முதலாவது, நாடுகாண் காதையில் வருவது. மதுரை நோக்கிச் செல்லும் மூவரையும் வழியிற் கண்ட பரத்தை ஒருத்தியும் வீணன் ஒருவனும், இவர் யாவர் எனக் கவுந்தியடிகளை வினவினர். தம் மக்கள் என்றார் அடிகள். ஒரு வயிற்றுப் பிறந்தோர் கணவனும் மனைவியுமாய் வாழ்தலும் உண்டோ என இருவரும் எள்ளினர். கண்ணகி செவி புதைத்து நடுங்கினாள். எள்ளியோர் கவுந்தியின் சாபத்தால் நரிகளாயினர். பிறரைப் பழித்த வாய் ஊளையிடும் வாயாயிற்று. ஆயின் பழிக்கப்பட்ட இருவருமே அவர்க்கு இரங்கி வேண்ட, உறையூர் மதிற்புறக் காட்டில் பன்னிரு திங்கள் என அத்தண்டம் எல்லை பெற்றது. உயிர் கொள்ளாத சொல்லுக்கு மீட்சியுள்ள தண்டம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இரண்டாவது, கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் உரைக்கும் பழம்பிறப்புச் செய்தி. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்து மன்னனும் கபிலபுரத்து மன்னனும் பகைத்திருந்த காலம் அது. கபிலபுரத்திலிருந்து மறைவாக வந்து சிங்கபுரக் கடைத்தெருவில் அணிகலன் விற்ற சங்கமன் என்னும் வணிகனைப் பரதன் என்பான், ஒற்றன் என்று கூறி மன்னனுக்குக் காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, தமக்கு இடுக்கண் செய்தோர் இத்துன்பமே உறுக எனச் சாபமிட்டு உயிர் நீத்தாள். அப்பரதனே கோவலனாய்ப் பிறந்தான்.

மூன்றாவது, கொலைக்களக் காதையில் வருவது. அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்திருந்த பொற்கொல்லன், கோவலனைக் கள்வன் என்றான். காவலர் கோவலன் தோற்றத்தைக் கண்டு ஐயுற்று நின்றனர். அவ்வையத்தையும் கள்வரின் திறங்களை விரித்துரைக்கும் தன் பேச்சாலேயே பொற்கொல்லன் போக்கினான். எனவே வாள் ஓங்கியது பிறிதொருவன் கையாயினும் கொன்றது அவன் நாவே எனல் தகும்.

பின்னிரண்டு நிகழ்ச்சிகளின் ஒப்புமை வியப்பளிப்பது. இரண்டிலும் அயலூரில் அணிகலன் விற்கவந்த வணிகன். இரண்டிலும் ஆராயாது கொல்வித்த அரசன். ஒற்றன் என்ற சொல் கள்வன் என்ற சொல்லாய் மீண்டது. நீலி அரற்றிய பதினான்கு நாள் கண்ணகிக்கும் பதினான்கு நாளாய் நின்றது.

இங்கு ஒரு வினா எழும். கோவலன் இறப்பு பழவினைப் பயனாயின், பொற்கொல்லனும் பாண்டியனும் குற்றமிலர் ஆவரோ? ஆகார் என்பதே காப்பியத்தின் விடை. ஊழ்வினை உருத்து வருதலைக் கூறும் பதிகமே, அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றமாதலையும் உடன் கூறுகிறது. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, தன் சிலம்பின் பரல் முத்து என்று சற்றுமுன் கூறிய பாண்டியன் ஊழின்மேற் பழி போடவில்லை. தான் அரசனல்லன் என்றும் தானே கள்வன் என்றும் கூறி வீழ்ந்தான். பிறன்மேல் ஏறிய சொல் எழுத்துப் பிசகாது, ஏற்றியவன் வாய்வழியே அவனை வந்து சேர்ந்தது. சொல்லின் மீட்சியை இதனினும் செறிவாகக் காட்டல் அரிது.

எனினும் மீளும் சொல் உரியவனோடு நின்றுவிடுவதன்று. கோப்பெருந்தேவி மாய்ந்தாள், மதுரை எரிந்தது. சினத்தின் உச்சியிலும் கண்ணகி பார்ப்பாரையும் அறவோரையும் பசுவையும் பத்தினியரையும் முதியோரையும் குழவியையும் விலக்கித் தீத்திறத்தார் பக்கமே செல்கவென எரியை ஏவினாள். ஆனால் நீர்ப்படைக் காதையில், கொற்கை வேந்தன் வெற்றிவேற் செழியன் ஒரு பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்ட செய்தி கேட்கிறோம். பொய் கூறியவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். பொய்யனான அவ்வொருவன் முடிவைக் காப்பியம் தனியே கூறவில்லை. கண்ணகி வகுத்த வேறுபாட்டை வேந்தன் வகுத்திலன்.

ஆதலின், தீச்சொல் சொன்னவனைச் சுடும் என்பது சிலம்பு காட்டும் உண்மையின் ஒரு பாதியே. அது அவனைச் சார்ந்தோரையும், அவனை அறியாதோரையும் சுடும் என்பது மறுபாதி. தன்னைக் காத்தற்பொருட்டு நாவைக் காப்பவன் முதற்பாதியை உணர்ந்தவன். பிறர்பொருட்டும் காப்பவனே காப்பியம் முழுதும் கற்றவன் ஆவான்.