மஞ்சளும் 'நனோ' மஞ்சளும்

சம்பள நாளன்று லயத்துப் பக்கம் வந்த ஒருவர் "நனோ மஞ்சள்" என்று குளிசைப் போத்தல் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். முழங்கால் வீக்கத்துக்கு நல்லதாமே, வாங்கலாமா என்று பலபேர் நம்மிடம் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

மஞ்சள் வீக்கத்துக்கு ஆகும் என்பது புதுக்கதை இல்லை. எங்கள் ஊர் வரிப்பத்தான்சேனையில் வயலில் கால் சுளுக்கிக்கொண்டு வந்தால் உம்மம்மாமார் மஞ்சள் பற்றுத்தான் போடுவார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள், உடம்பில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் வேலைகளை அடக்குவதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு 3 பங்கு அளவுதான். அதுவும் தண்ணீரில் கரையாது. விழுங்கினால் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும், உள்ளே போனதையும் ஈரல் சீக்கிரமே மாற்றிக் கழித்துவிடும். பெங்களூர் சென் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினை ஆட்களுக்குத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்தில் அது மிகக் குறைவாக இருந்தது, அல்லது தேடிப் பிடிக்கிற அளவுக்குக்கூட இல்லை. மிளகின் காரப்பொருள் 20 மில்லிகிராம் சேர்த்ததும் சுமார் 20 மடங்கு கூடியது. இது 1998இல் வெளிவந்தது. பாலில் மஞ்சளோடு மிளகும் போட்ட கிழவிகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

இப்போது 'நனோ'வுக்கு வருவோம். கொழுந்தை அப்படியே லொறியில் கொட்டினால் வழியெல்லாம் சிந்தும், சாக்கில் கட்டினால் பெக்டரிக்குப் போய்ச் சேரும். அந்தச் சாக்குதான் புரதம். பாலின் கேசீன், இரத்தத்தின் அல்புமின் போன்ற புரதங்களுக்குள் குர்குமினைப் பொதிந்து மிகச் சிறு துகளாக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நனோமீட்டர். வீங்கிய மூட்டில் இரத்தக் குழாய்ச் சுவர் கொஞ்சம் கசியும். அதனால் அல்புமின் அங்கே கூடுதலாகச் சேரும் என்பது இன்னொரு வசதி.

இது வெறும் கற்பனை இல்லை. ஒரு மரப்பட்டையிலிருந்து கிடைத்த பக்லிடாக்செல் என்ற மருந்தை அல்புமினில் பொதிந்து, மார்புப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போட அமெரிக்கா 2005இல் அனுமதித்தது. குர்குமின் துகள்களோ பெரும்பாலும் ஆய்வுகூடத்திலும் எலிகளிலும்தான் சோதிக்கப்பட்டிருக்கின்றன. எலியின் மூட்டு வீக்கம் குறைந்தது என்பதற்காக நம் முழங்காலும் குறையும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பயமும் ஒன்று இருக்கிறது. உடம்பில் கூடுதலாகச் சேர்ந்தால் நல்லது மட்டும்தான் நடக்கும் என்றில்லை. மஞ்சள் குளிசை சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க வைத்தியர்கள் 2022இல் எழுதினார்கள், அதில் ஒருவர் இறந்துபோனார். கறியில் போடுகிற மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தக்கல் உள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் வைத்தியரைக் கேட்காமல் இந்தக் குளிசையைத் தொடவே வேண்டாம்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ, வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ பற்றுப் போட்டுக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வாருங்கள். ஏற்கனவே குளிசை வாங்கியவர்கள், கண் மஞ்சளித்தால் அல்லது சிறுநீர் கடுந்தேயிலைச் சாயம்போல் போனால் உடனே அதை நிறுத்திவிட்டு, போத்தலையும் கையோடு எடுத்து வாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று வைத்தியர் பார்க்க வேண்டும்.