ஏழு வயதுக்கு முன் ஒரு கண் சோதனை

கனரக வாகன உரிமம் எடுக்கப் போகும் இளைஞர், மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். லாரியே ஊர்த் தொழிலாகிவிட்ட நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இது அன்றாட நடைமுறை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும்போது, சிலரால் முதல் இரண்டு வரிக்குக் கீழே இறங்க முடிவதில்லை. கண்ணில் புரை இல்லை, அடிபட்ட தழும்பு இல்லை, பார்த்தால் நல்ல கண். அது மங்கல் என்பது இருபது வயதுவரை அவருக்கே தெரியாது. மறு கண் இரண்டின் வேலையையும் செய்துவந்ததால் வீட்டிலும் பள்ளியிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போலீஸ், ராணுவ ஆள்சேர்ப்பு முகாம்களிலும் இப்படி அகப்படுபவர்கள் உண்டு.

மருத்துவர்கள் இதைச் சோம்பல் கண் என்கிறார்கள். உலக அளவில் நூறு குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இருப்பதாகக் கணக்கு. உண்மையில் கோளாறு மூளையின் பார்வைப் பகுதியில்தான். பிறந்ததிலிருந்து ஏழெட்டு வயதுவரை இரு கண்களும் அனுப்பும் படங்களைக் கொண்டு மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் அதிகமாக இருந்தாலோ, மாறுகண்ணாக விலகி நின்றாலோ, பிறவிப் புரை மறைத்தாலோ, அந்தக் கண்ணின் மங்கலான படத்தை மூளை ஒதுக்கிவிடும். 1960-களில் டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைச் சில வாரங்கள் தைத்து மூடிவைத்து ஆராய்ந்தார்கள். தையலைப் பிரித்த பிறகும் அந்தக் கண்ணுக்கு மூளை அனேகமாகப் பதில் சொல்லவில்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது பாதிப்பு இல்லை. இருவருக்கும் 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. பார்வை வளர்வதற்கு ஒரு பருவம் உண்டு என்பதை அந்தப் பூனைகள்தான் காட்டின.

சிகிச்சையின் முதல் படி கண்ணாடி. சரியான பவரில் கண்ணாடி போட்டாலே கணிசமான குழந்தைகளுக்குச் சோம்பல் கண் பெருமளவு தேறிவிடும். குறை மீதமிருந்தால் நல்ல கண்ணைப் பிளாஸ்திரியால் மூடி, மங்கிய கண்ணை வேலை வாங்குவார்கள். முன்பு நாள் முழுக்க மூடச் சொன்ன காலம் உண்டு. பள்ளியில் கேலிக்கு ஆளாகிக் குழந்தைகள் பிய்த்து எறிவார்கள், பெற்றோரும் மனம் தளர்ந்து விட்டுவிடுவார்கள். 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று இந்தக் குடும்பங்களின் பாரத்தைக் குறைத்தது. ஏழு வயதுக்குட்பட்ட 189 குழந்தைகளை வைத்துப் பார்த்ததில், நடுத்தர அளவிலான சோம்பல் கண்ணுக்குத் தினம் இரண்டு மணி நேரம் மூடினாலும் ஆறு மணி நேரம் மூடினாலும் நான்கு மாதத்தில் ஒரே பலன்தான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் என்பது பள்ளி விட்டு வந்தபின் வீட்டுப்பாடம் எழுதும் நேரம். பிளாஸ்திரி ஒட்டவே விடாத பிள்ளைக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு அதைத் தற்காலிகமாக மங்கச் செய்வார்கள். 2002-ன் ஆய்வில் அதுவும் ஏறக்குறைய பிளாஸ்திரிக்கு இணையாக நின்றது.

ஏழு வயது தாண்டினால் கதவு ஒரேயடியாக அடைபடுவதில்லை. 507 பேரை ஆராய்ந்து 2005-ல் வந்த முடிவு, 7 முதல் 12 வயதுக்காரர்களில் பாதிப்பேர் இந்தச் சிகிச்சையால் முன்னேறியதாகச் சொல்கிறது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் கால்வாசிப்பேர்தான் முன்னேறினார்கள். 13 வயதுக்கு மேல், முன்பே சிகிச்சை பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. ஆகவே பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை, சொட்டு மருந்து விட்டுக் கருவிழியை விரித்துச் செய்யும் முழுச் சோதனைக்குக் குழந்தையை அழைத்துப் போவது நல்லது. எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரைக் கண்டுபிடித்துவிடலாம். வீட்டிலும் ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு கண்ணை மூடினால் பேசாமல் இருக்கும் குழந்தை, மறு கண்ணை மூடினால் மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால், சந்தேகப்பட வேண்டும்.

"மாறுகண் அதிர்ஷ்டம்", "வளர வளரச் சரியாகிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதைக் கடுமையாகவே மறுத்தாக வேண்டும். குழந்தைக்கு ஆறு மாத வயதான பிறகும் நீடிக்கும் மாறுகண் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. அபூர்வமாக, மாறுகண்ணோ புகைப்படத்தில் வெள்ளையாகத் தெரியும் கருவிழியோ விழித்திரைப் புற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கோ காலக்கெடு நாள்கணக்கில். 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைச் சோதனை நடந்திருக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. 1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தச் சோதனை நடக்காமல் போய்ப் பார்வை பறிபோனது. தந்தை நடத்திய நீண்ட வழக்கில், 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இன்குபேட்டரிலிருந்து குழந்தையை வீட்டுக்குத் தூக்கிவரும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் கண் சோதனைத் தேதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ராசிபுரம், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் கதை வேறு. அதிகாலை தொடங்கி இரவுவரை புத்தகத்தில் கண் பதித்திருக்கும் பிள்ளைகள், படிக்க உட்கார்ந்தால் தலைவலி, வரி இரண்டாகத் தெரிகிறது, எழுத்து நகர்கிறது என்பார்கள். தூரப் பலகையைப் படிக்கச் சொன்னால் கடைசி வரிவரை பிசகில்லாமல் படிப்பார்கள். உடனே படிக்கச் சோம்பல் என்று முத்திரை விழும். இவர்களில் சிலருக்கு, அருகில் பார்க்கும்போது இரு கண்களையும் உள்நோக்கிக் குவிக்கும் திறன் குறைவாக இருக்கும். விஷன் தெரபி என்னும் பார்வைப் பயிற்சி நன்றாகப் பலிக்கும் இடம் இதுதான். மணி கோத்த கயிற்றின் ஒரு நுனியை மூக்கருகே பிடித்து, மணிகளை ஒவ்வொன்றாக நோக்கி இரு கண்ணையும் நிறுத்துவது அதில் ஒரு பயிற்சி. 2008-ல் வெளியான ஆய்வில் 9 முதல் 17 வயதுவரையான 221 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு வந்து வீட்டிலும் பயின்றவர்களில் 12 வாரத்தில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தவர்களில் தேறியவர்கள் 43 சதவீதம். ஒப்பீட்டுக்காகப் பெயருக்கு ஒரு பயிற்சி தரப்பட்டவர்களிலும் 35 சதவீதம் பேர் தேறினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்தப் பார்வைப் பயிற்சியை எல்லாக் கோளாறுக்கும் மருந்தாக விற்பதுதான் கவலை. கண் குவிதல் சரியானால் வாசித்ததைப் புரிந்துகொள்ளும் திறனும் கூடுமா என்று 311 குழந்தைகளிடம் தனியாகவே ஆராய்ந்தார்கள். 2019-ல் வந்த விடை, பெயருக்குப் பயிற்சி பெற்றவர்களைவிடக் கூடவில்லை என்பது. எழுத்தைப் பிரித்தறியத் திணறும் டிஸ்லெக்சியாவுக்குக் கண் பயிற்சி தீர்வாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள். அந்தக் குழந்தைக்குத் தேவை சிறப்பாசிரியர். பயிற்சியால் பவர் குறையும், கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது, என்ன குறை, எந்த அளவீட்டில் தெரிந்தது, எத்தனை வாரத்தில் மீண்டும் அளப்பீர்கள் என்பதைத்தான்.

கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட, செலவில்லாத மருந்து வெயில். சீனாவின் குவாங்சோவில் தொடக்கப் பள்ளிகளில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட விட்டார்கள். மூன்று ஆண்டில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கும் பள்ளிகள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்குப் பயிற்சி உதவுமா? சூசன் பேரி என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே மாறுகண். மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்தும் ஆழம் தெரியாமலே வளர்ந்தார். 48 வயதில் பயிற்சியைத் தொடங்கி, காரின் ஸ்டீயரிங் தன்னை நோக்கி எழுந்து நிற்பதைக் கண்டார். அவருக்கு இரு கண்களிலும் தனித்தனியே நல்ல பார்வை இருந்தது. எல்லோருக்கும் அது வாய்க்காது. திடீரென ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால் பயிற்சிக்கு முன் காரணம் தேட வேண்டும். சர்க்கரை நோயுள்ள ஓட்டுநருக்குக் கண்ணைத் திருப்பும் நரம்பு செயலிழந்திருக்கலாம். அது பெரும்பாலும் சில மாதத்தில் மீளும், அதுவரை பிரிசம் கண்ணாடியோ ஒரு கண் மறைப்போ துணை, வண்டி ஓட்டக் கூடாது. கை கால் வலுவிழப்போ கடும் தலைவலியோ சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் கண் சிகிச்சை கிடைக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு கண்ணையும் பார்க்கிறது. குழு சீட்டு எழுதிக் கொடுத்தபின் பெரிய மருத்துவமனைக்குப் போகாமல் விடுவதில்தான் பல குழந்தைகள் நழுவிப்போகிறார்கள்.

சேலத்துக் கொலுசுப் பட்டறையில் ஊதுகுழலால் சலங்கை பற்றவைப்பவருக்கும், இளம்பிள்ளை ஊர்த் தறியில் அறுந்த இழையைப் பிணைப்பவருக்கும் நாற்பதில் வருவது, கிட்டத்தில் இருப்பது மங்கும் வெள்ளெழுத்து. அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது தாண்டிய 751 தொழிலாளர்களை ஆராய்ந்ததில், கிட்டப் பார்க்கும் கண்ணாடி கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். 2018-ல் வந்த கணக்கு இது. கண்ணாடிக் கடைக்குப் போகும் பட்டறைக்காரர், தம் கைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை நூலால் அளந்து எடுத்துப்போவது நல்லது. செய்தித்தாள் படிக்கும் தூரத்துக்கு எழுதும் பவர், தறிக்கோ ஊதுகுழலுக்கோ பொருந்தாது.