குளத்தில் எறிந்த சோடியம்

"இணையத்தில் ஏதோ ரசாயனம் வரவழைக்கிறானே, அடுக்களை என்ன ஆகுமோ?" என்று கவலைப்படுகிறீர்களா, அம்மா? லண்டன் பையன் ஒருவன் கதையைக் கேளுங்கள்.

ஆலிவர் சாக்ஸ், 1933-ல் பிறந்தவன். பெற்றோர் இருவரும் டாக்டர்கள். மாமாவுக்கோ டங்ஸ்டன் இழை பல்பு செய்யும் தொழில். பிள்ளைக்கு ரசாயனப் பித்துப் பிடிக்கக் கேட்பானேன்! கடையில் மூன்று ராத்தல் சோடியம் வாங்கி, தோழர்களோடு ஹைகேட் குளத்தில் எறிந்தான். அது மஞ்சள் ஜுவாலையோடு தண்ணீர் மேல் சுற்றிச் சுற்றி ஓடிற்று! பிற்பாடு பெரிய நரம்பியல் மருத்துவராகி, 2001-ல் புத்தகமாகவும் எழுதிவிட்டார்.

இன்று அப்படி வாங்க முடியாது. நம் நாட்டிலும் 2013-ல் சுப்ரீம் கோர்ட் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. பதினெட்டு வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. பெண்கள் முகத்தில் அமிலம் வீசிய பாவிகளால் வந்த விதி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் வாத்தியார் மக்னீசியம் நாடாவைக் கொளுத்தியதும் வகுப்பே வெள்ளையாகப் பளிச்சிட்டதே, அது மறக்குமா? அந்த நினைவில்தான் நரைத்த தலைகள்கூட மயில்துத்தம் வரவழைத்து, நீலப் பளிங்கு வளர்க்கின்றன. அது விஷம், டப்பாவில் பெயர் எழுதி, உப்பு ஜாடிப் பக்கமே வராமல் வையுங்கள்.

பையனுக்கு முதலில் ஆரத்தி கரைத்துக் காட்டுங்களேன். மஞ்சள் நீர், சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும். எலுமிச்சம்பழம் பிழியுங்கள், மறுபடி மஞ்சளாகும். "ஏனம்மா?" என்பான்.