பிரேஸர் ஆறும் ஸால்மன் மீனும்

கனடா நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உயிர்நாடி பிரேஸர் ஆறு. ராக்கி மலைத்தொடரில் தோன்றும் இவ்வாறு முதலில் வடமேற்கே ஓடுகிறது. பிரின்ஸ் ஜார்ஜ் நகரருகே தெற்கே திரும்பி, செங்குத்தான மலையிடுக்குகளைக் குடைந்து சென்று, ஹோப் என்னும் ஊரருகே மேற்கே வளைந்து, வான்கூவர் நகரை அடுத்துக் கடலில் கலக்கிறது. இதன் நீளம் ஏறத்தாழ 1,375 கிலோமீட்டர்.

1808ஆம் ஆண்டில் ஸைமன் பிரேஸர் என்னும் கம்பளி மயிர்த்தோல் வணிகர், இதனைக் கொலம்பியா ஆறு என எண்ணிப் படகேறினார். கழிமுகத்தை அடைந்த பின்னரே அது வேறோர் ஆறு என அறிந்தார். அவர் தேடியது கிட்டவில்லை. ஆனால் ஆற்றுக்கு அவர் பெயரே நிலைத்தது. 1858இல் ஆற்று மணலில் பொன் கிடைக்கிறதென்ற செய்தி பரவவே, ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் கொலம்பியா தனிக் குடியேற்ற நாடாக அமைக்கப்பட்டது.

பொன்னுக்கு முன்னும் பின்னும் இவ்வாற்றின் செல்வம் ஸால்மன் மீனே. கரையோரப் பழங்குடியினர் பன்னெடுங்காலமாக அதனை உண்டும் உலர்த்திச் சேமித்தும் வாழ்ந்து வந்துள்ளனர். இம்மீன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த நீருக்கே எதிர்நீச்சலிட்டுத் திரும்பி, அங்கேயே மடிகிறது. ஆகவே வழி அடைபட்டால் ஒரு தலைமுறையே அழியும்.

அத்தகைய கேடு நேர்ந்தது. ‘நரகவாயில்’ எனப் பெயர் பெற்ற இடத்தில் ஆறு ஏறத்தாழ முப்பத்தைந்து மீட்டர் அகலத்திற்குச் சுருங்குகிறது. அங்கே ரயில்பாதை அமைத்தோர் வெடிவைத்துத் தகர்த்த பாறைகள் 1913இல் ஆற்றில் விழுந்தன. 1914இல் பெருஞ்சரிவும் ஏற்பட்டது. நீரின் வேகம் மிகுந்தது. மீன்கள் முன்னேற இயலாது தவித்தன. பழங்குடியினர் அவற்றை வலையால் அள்ளிச் சுமந்து அப்பால் விட்டனர். ஆயினும் பெரும்பகுதி மாண்டது. நான்காண்டுக்கு ஒரு முறை திரளாக வரும் ஸாக்கை இன ஸால்மன், 1917இல் வெகுவாகக் குறைந்தே வந்தது.

கனடாவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் கூடி ஆராய்ந்து, 1945, 1946ஆம் ஆண்டுகளில் அங்கே மீன்வழிகளைக் கட்டின. நீரின் வேகத்தைத் தணித்து, மீன்கள் இளைப்பாறி ஏற இடந்தருபவை அவை. பின்னர் எழுந்த அணைத் திட்டங்களை மீனைக் காக்க விரும்பியோர் எதிர்த்தனர். முதன்மை ஆற்றில் இன்றும் அணை இல்லை. 2010இல் ஏறத்தாழ மூன்று கோடி ஸாக்கை மீன்கள் திரும்பின. ஆனால் 2019இல் பிக் பார் என்னுமிடத்தில் மீண்டும் பாறைச்சரிவு கண்டறியப்பட்டது.

ஆற்றில் பாறை விழச் சில நொடிகள் போதும். அதனால் விளைந்த கேட்டைச் சீர்செய்ய முப்பதாண்டுகள் ஆயின. ஆற்றங்கரையில் பணி செய்வோர் எவரும் நினைவிற்கொள்ள வேண்டிய கணக்கு இது.