வில் பிடித்த வீடு

ஒரு பிள்ளை முன்னுக்கு வந்துவிட்டால் ஊரார் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "எல்லாம் அவன் சாமர்த்தியம்" என்பார்கள் சிலர். "அப்பா அம்மா போட்ட சோறு ஐயா!" என்பார்கள் வேறு சிலர். இந்த வழக்கை லால்குடி ஜெயராமன் அவர்கள் வீட்டில் கொண்டு போய் வைத்தால் என்ன தீர்ப்புக் கிடைக்கும் என்று பார்க்கலாமே!

திருச்சியில் ரயில் ஏறி, ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால், வாளாடி ஸ்டேஷனுக்கு அடுத்தாற்போல் லால்குடி. பழைய பெயர் திருத்தவத்துறை. அங்கே கோயில் கொண்டிருக்கும் சப்தரிஷீசுவரர் மீதும் அம்பாள் மீதும் தியாகராஜ ஸ்வாமிகள் ஐந்து கீர்த்தனைகள் செய்திருக்கிறார். 'லால்குடி பஞ்சரத்னம்' என்று வித்வான்கள் போற்றுவது அவற்றைத்தான். ஸ்வாமிகளின் சிஷ்யரான லால்குடி ராமய்யரின் வம்சத்தில் வந்தவர் வி. ஆர். கோபாலய்யர். அவருடைய பிள்ளைதான் 1930-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி பிறந்த ஜெயராமன்.

பிள்ளைக்குக் குரு தகப்பனார்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார் நாலு மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். வாத்தியாரே வீட்டில் இருந்தால், பிள்ளை எங்கே போவது? கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், வயலின் விஷயத்தில் இதற்கு ஒரு காரணம் உண்டு. வீணையைப் போல் அதில் மெட்டுக்கள் கிடையாது. விரல் மயிரிழை விலகினாலும் ஸ்வரம் பிசகிவிடும். பிசகியது என்று குழந்தைக்குத் தெரியாது. தெரிந்த காது ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் தினந்தோறும். ஆரம்ப வருஷங்களில் அந்த வாத்தியம் எழுப்பும் சப்தம் இருக்கிறதே, அதைப் பெற்றவர்களைத் தவிர வேறு யார் பொறுத்துக்கொள்வார்கள்?

அந்தக் காலத்து வயலின் மும்மூர்த்திகள் என்று ரசிகர்கள் கொண்டாடிய மூவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயராமனுக்குக் கோபாலய்யர். டி. என். கிருஷ்ணனுக்குத் தந்தை நாராயணய்யர். எம். எஸ். கோபாலகிருஷ்ணனுக்குத் தந்தை பரூர் சுந்தரமய்யர். மூவருமே வீட்டுக் கூடத்தில் உருவானவர்கள்.

பன்னிரண்டாவது வயதில் ஜெயராமன் பக்கவாத்தியமாக மேடை ஏறினார். பிறகு சென்னை. அரியக்குடி, செம்மங்குடி, ஜி. என். பி., மதுரை மணி என்று பெரியவர்கள் பலருக்கும் வாசித்தார். பாடுகிறவரின் குரலே தந்தியில் கேட்பது போன்ற அவர் வழிக்கு 'லால்குடி பாணி' என்று பெயர் வந்தது. 1965-ல் எடின்பரோ விழாவுக்குப் போனார். உலகப் புகழ் பெற்ற யெஹுதி மெனுஹின் அவருக்கு இத்தாலிய வயலின் ஒன்றைப் பரிசளித்தார். 1972-ல் பத்மஸ்ரீ, 2001-ல் பத்மபூஷண். 2013 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, லால்குடி என்ற சொல் ஊரைக் குறிக்கிறதா ஆளைக் குறிக்கிறதா என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை.

இவ்வளவும் ஊரறிந்த கதை. நம் வீட்டுப் பெண்மணிகள் கவனிக்க வேண்டிய கதை இன்னொன்று இருக்கிறது.

அந்த நாளில் சங்கீதக் குடும்பங்களில்கூடப் பிள்ளைக்கு வித்தை, பெண்ணுக்கு நாலு கீர்த்தனை என்பதுதான் ஏற்பாடு. பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் பாட வேண்டுமே, அதற்காக! கல்யாணம் ஆனதும் வாத்தியம் பரணுக்குப் போய்விடும். கோபாலய்யரோ பெண்களுக்கும் அதே வித்தையைக் கற்றுக்கொடுத்தார். ராஜலக்ஷ்மியும் ஸ்ரீமதியும் வயலின், பத்மாவதி வீணை. பிற்காலத்தில் ஸ்ரீமதி பிரும்மானந்தம் தமையனாருடன் சரிசமமாக உட்கார்ந்து வாசித்த இரட்டை வயலின் இசைத்தட்டுக்களைப் பழைய ரசிகர்கள் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். தங்கையின் வில்லும் அண்ணாவின் வில்லும் எங்கே பிரிகின்றன, எங்கே சேருகின்றன என்று கண்டுபிடிக்க நல்ல காது வேண்டும்.

புகழ் சரிசமமாகக் கிடைத்ததா? இல்லை. ஒரே கூடத்தில் பாடம் கேட்டவர்களில் ஒருவர் பெயர்தான் ஊர்ப் பெயராயிற்று. இதில் மனக்குறை இருந்ததா என்று நாம் எப்படிச் சொல்வது? ஆனால் வெற்றி என்பதைப் பட்டங்களைக் கொண்டு மட்டும் அளந்தால், கோபாலய்யருக்கே மார்க்குக் குறைந்துபோகும். அவர் பெயரைச் சொன்னால், "ஜெயராமனின் தகப்பனாரா?" என்றுதானே கேட்கிறோம்? என் மட்டில், நாலு குழந்தைகளின் விரல்களை நேராக்கிவிட்ட மனிதரைத் தோற்றவர்கள் பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லை.

டி. என். கிருஷ்ணனின் தங்கை ராஜமும் தகப்பனாரிடம் பாடம் கேட்டவர்தான். அவர் வேறொரு வழி போனார். ஓங்கார்நாத் தாகூரிடம் ஹிந்துஸ்தானி சங்கீதம் கற்று, காசி ஹிந்து சர்வகலாசாலையில் பல்லாண்டுகள் பேராசிரியையாக இருந்தார். 2004-ல் பத்மபூஷணும் பெற்றார். அண்ணா தெற்கே, தங்கை வடக்கே. வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை மட்டும் ஒன்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தகப்பன் நிறைவேற்றிக்கொள்ளாத ஆசையைப் பிள்ளை தலையில் இறக்கி வைக்கும் வீடுகளும் உண்டு. 'உனக்காக எவ்வளவு செலவு!' என்று தினம் கணக்குச் சொல்வதும் ஆதரவு என்றே நினைக்கிறார்கள். குழந்தையை ஸ்கூட்டரில் பாட்டு கிளாஸுக்குக் கொண்டு விட்டு, வாசலில் காத்திருந்து கூட்டி வரும் தாய்மார்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு திரும்பிய பிறகு, அன்றைய பாடத்தைக் குழந்தை தப்பும் தவறுமாக வாசிக்கையில், டெலிவிஷனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறவர் யார்? ராகம் தெரியாவிட்டால் என்ன, உட்காரலாமே!

லால்குடி வீட்டில் அந்த உட்காருதல் அடுத்த தலைமுறைக்கும் வந்தது. ஜெயராமன் தம் பிள்ளை ஜி. ஜே. ஆர். கிருஷ்ணனுக்கும் பெண் விஜயலக்ஷ்மிக்கும் தாமே கற்பித்தார். மேடையில் மூவரும் மூன்று வயலின்களோடு உட்கார்ந்து கச்சேரி செய்தார்கள். தங்கை ராஜலக்ஷ்மியின் வாத்தியமும் பரணுக்குப் போகவில்லை. தம் பெண்ணுக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவரே. பிறகு அந்தக் குழந்தையைப் பெரியம்மா சித்தி முறையில் பத்மாவதி எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வீணை கற்பித்தார். அந்தக் குழந்தைதான் வீணை ஜெயந்தி குமரேஷ்.