குலுக்கலில் ஒரு கோணல்

பெயர்களைக் கலைத்துப்போடுவது சுலபம். பாரபட்சமின்றிக் கலைப்பதுதான் கஷ்டம்.

2010 மார்ச். ஐரோப்பாவில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் திரையில் ஒரு பட்டியல் தோன்றியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், ஃபயர்பாக்ஸ், க்ரோம், சஃபாரி, ஆப்பெரா. உங்களுக்கு எந்த பிரவுசர் வேண்டும்? போட்டியை நசுக்குவதாக எழுந்த புகாரை முடித்துவைக்க, ஐரோப்பிய கமிஷனிடம் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. பட்டியலில் முதலிடம் என்பது இலவச விளம்பரம். எனவே ஐந்து பெயர்களும் ஒவ்வொரு முறையும் குலுக்கிப்போட்ட வரிசையில் வரவேண்டும் என்பது நிபந்தனை.

ஆனால் குலுக்கலே கோணலாக இருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராப் வெய்ர் அந்த நிரலை ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப்பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்ப்ளோரரில் நடத்திய சோதனையில் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பே சுமார் பாதி முறை கடைசி இடத்துக்குப் போனது. நேர்மையான குலுக்கலில் ஐந்தில் ஒரு முறைதான் அப்படி நேரும்.

இது சதி அல்ல, குறுக்குவழியின் வினை. வரிசைப்படுத்தும் நிரல் "இந்த இரண்டில் எது முந்தியது?" என்று கேட்கும்போதெல்லாம், நாணயம் சுண்டியதுபோல ஏதோ ஒரு பதில் தரப்பட்டது. பதில்கள் முன்னுக்குப்பின் முரணானதும் சில பெயர்கள் சில இடங்களிலேயே ஒதுங்கின.

சரியான வழி பழையது. பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் காகிதத்தில் செய்யும் முறையை வெளியிட்டார்கள். 1961இல் சி.ஆர். ராவ் 'சங்க்யா' இதழில் வேறொரு முறையைத் தந்தார். ஃபிஷர்-யேட்ஸ் முறையை 1964இல் கம்ப்யூட்டருக்கு ஏற்பச் செதுக்கியவர் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட்.

அதில் சூட்சுமம் எளிது. ஐந்து பெயர்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து, கடைசியில் இருப்பதோடு இடம் மாற்ற வேண்டும். கடைசி இடம் முடிந்தது. அதை இனித் தொடக்கூடாது. பிறகு மிச்சமுள்ள நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று. நான்கே மாற்றங்கள், தனிப் பிரதி தேவையில்லை. சாத்தியமான 120 வரிசைகளுக்கும் சம வாய்ப்பு. 52 சீட்டுகளுக்கும் 51 மாற்றங்கள் போதும்.

ஒவ்வொரு இடத்துக்கும் மறுபடி ஐந்திலிருந்தே எடுத்தால் என்ன? பலரும் செய்யும் தவறு இதுதான். அப்போது 3,125 வழிகள் உண்டாகும். அவற்றை 120 வரிசைகளுக்குச் சமமாகப் பங்கிட முடியாது. யாரோ சிலருக்குக் கூடுதல் பங்கு கிடைத்தே தீரும்.

மைக்ரோசாஃப்ட் விரைவிலேயே நிரலைத் திருத்தியது. 2014 இறுதியில் அந்தத் திரையும் மறைந்தது. ஆனால் பள்ளியில் இடம், அரசு வீடு என்று இந்தியாவிலும் பல குலுக்கல்கள் இன்று கம்ப்யூட்டரில்தான் நடக்கின்றன. பெயர் கடைசிக்குத் தள்ளப்பட்டவர் தன் தலைவிதியைத்தான் நொந்துகொள்கிறார். நிரலைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.