தழும்பை மறைக்க முடியுமா?

தோலில் ஆழமான காயம் ஏற்பட்டால், உடல் கொலாஜன் என்னும் புரத இழைகளைக் கொண்டு அவ்விடத்தை அடைக்கிறது. துணியில் போட்ட ஒட்டைப் போன்ற அந்தப் புதிய திசுவே தழும்பு. அது மங்கித் தட்டையாவதற்கு ஓராண்டுக்கும் மேலாகலாம்.

தழும்பை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. எனினும், அதன் தோற்றத்தைக் குறைக்கப் பல வழிகள் உள்ளன. எது பொருந்தும் என்பது தழும்பின் வகையைப் பொறுத்தது. காயம் ஆறியபின் தழும்பு தடித்திருந்தால், அதன்மீது சிலிக்கோன் ஒட்டுத்தாளை நாள்தோறும் 12 மணி நேரமாவது ஒட்டி வைக்கலாம். சில மாதங்களில் தழும்பு மென்மையாகக்கூடும்.

காது குத்திய இடத்தில் சிலருக்குத் தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிக் கட்டிபோல் வளரும். இது ‘கீலாய்டு’ எனப்படும். இதை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, மீண்டும் வளரக்கூடும். எனவே, மருத்துவர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசி போடுகின்றனர்.

முகப்பரு விட்டுச் சென்ற குழிகளை லேசர் சிகிச்சையால் ஓரளவு சீராக்கலாம். ஆனால், முதலில் புதிய பருக்கள் தோன்றுவதைக் கட்டுப்படுத்த வேண்டும்.

‘ஏழே நாளில் தழும்பு மறையும்’ என்னும் விளம்பரங்களை நம்பி, பெயர் தெரியாத களிம்புகளைப் பூசுவது ஆபத்தானது. முகத்தை வெளுப்பாக்கும் சில களிம்புகளில் உள்ள பாதரசம் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

வருமுன் காப்பதே சிறந்தது. பருவைக் கிள்ளாதீர்கள், காயத்தின் பொருக்கை உரிக்காதீர்கள், புதிய தழும்பின்மீது வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.